ஒன்பதாம் விதியும் கூரத்துப் பலகையும்

படகுப் பந்தயத்துக்கு விதி எழுதிச் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, பிறகு இரக்கப்படுவார்கள். நியாயம்தான். என் வீடு ஓரிக்கையில், பாலாற்றங்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு என்று பெயர்தான். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அதில் மாடு மேயும். தண்ணீர் வந்துவிட்டால் காஞ்சிபுரமே பாலத்தின் மேல் ஏறி நின்று செல்போனில் படம் எடுக்கும். அப்படிப்பட்ட ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு, கடலில் ஓடும் படகுகள் தண்ணீருக்கு மேலே எழும்பலாமா கூடாதா என்று தீர்ப்பு எழுதியவன் நான். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு நீச்சல் தெரியாது.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் படகுச் சங்கத்துப் பிள்ளைகள் போன் செய்தார்கள். விதிப்புத்தகத்தைப் புதுப்பிக்கிறார்களாம், ஒன்பதாம் விதியை அடியோடு எடுத்துவிடப் போகிறார்களாம். அந்த விதி எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். பெற்றவனைக் கூப்பிட்டுப் பிள்ளைக்குக் கருமாதிப் பத்திரிகை எழுதச் சொல்வது போல இருந்தது. இருந்தாலும் கேட்டார்களே என்று சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்றவனை எது கேட்டாலும் சந்தோஷப்படுவான்.

நாங்கள் மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் பாலிடெக்னிக் படித்தேன். சென்னையில் தராசு பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. தினமும் காஞ்சிபுரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை ரயில். இவ்வளவுதான் என் கல்வியும் பயிற்சியும். ஒரு நாள், பாய்மரப் படகுகளை எடை போடும் தராசு தகராறு செய்கிறது என்று துறைமுகத்துப் பக்கம் என்னை அனுப்பினார்கள். அங்கே வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்திய ஒருவர் நின்றிருந்தார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற கமாண்டர் சாலமன். படகுச் சங்கத்தின் தொழில்நுட்பக் குழுவுக்கு அவர்தான் தலைவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"தராசு பொய் சொல்லுதா, படகு பொய் சொல்லுதா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல சார். முள்ளைப் பார்த்துச் சொல்றாரே, அவரைத்தான் கேக்கணும்," என்றேன்.

அடுத்த மாதமே என்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே கெட்டிக்காரத்தனமான பதில் அதுதான். மீதி வாழ்க்கை முழுவதும் அந்தப் பதிலை வைத்தே ஓட்டிவிட்டேன்.

சங்கத்து வேலை என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் கட்டிய வலை, மேலே ஒரு பாய். இதுதான் கட்டமரான் என்கிற பந்தயப் படகு. ஒரு வகைப் படகு என்றால் எல்லாமே அடிப்படையில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓட்டுகிறவர்களின் திறமையில்தான் வித்தியாசம் தெரிய வேண்டும். அந்த 'ஒரே மாதிரி'யை எழுத்தில் கட்டிப்போடுவதும், பந்தயத்தன்று டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்ப்பதும் என் வேலை. சொந்தக்காரர்களிடம் கட்டமரான் என்று சொன்னால், "கட்டுமரத்துக்கு இன்னாப்பா சட்டம்? கட்டணும், ஏறணும், போவணும்," என்பார்கள். நானும் பல சமயம் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

கமாண்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதியை எழுதினாலும் அது குழுவுக்குப் போவதற்கு முன் 'திருடன் வாசிப்பு' நடக்க வேண்டும். எழுதியவன் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். மேசை மேல் அவன் எழுதிய தாள் மட்டும் இருக்கும். கமாண்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, "இப்ப நான் திருடன்," என்று அறிவிப்பார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் பார்ப்பார், பூட்டிய வீட்டில் எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று பார்ப்பது போல. அந்த நேரத்தில் எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. இருமலாம், அதுவும் அர்த்தமில்லாமல் இரும வேண்டும்.

நான் எழுதிய முதல் விதி எடையைப் பற்றியது. படகு இந்த எடைக்குக் குறையக் கூடாது என்று, தராசுக்காரனின் முழு நம்பிக்கையோடு எழுதியிருந்தேன். கமாண்டர் ஒரு தடவை படித்தார். "கயிறெல்லாம் கடல்ல ஊறப்போட்டு எடுத்துட்டு வருவேன். எடை சரியா இருக்கும். அப்புறம் வெயில்ல காயவெச்சுட்டுப் போட்டிக்குப் போவேன்," என்றார்.

"சார், நான் என்ன நினைச்சேன்னா..."

"எழுதினவன் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொரு படகுலயும் ஏறி உட்கார்ந்து விளக்கம் சொல்லிட்டே போகப் போறியா, தணிகாசலம்? உனக்கு நீச்சல் வேற தெரியாது."

அன்றைக்குச் சுருக்கென்று இருந்தது. போகப் போக அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு அது வியாதியாகவே ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போட்டிருந்தால், உச்சவரம்பு இல்லையே, ஊரையே கூட்டிப் போகலாமே என்று தோன்றும். என் மனைவி சரோஜா கடைக்கு அனுப்பும்போது, "நல்ல கத்திரிக்காயா பாத்து வாங்கினு வாங்க," என்பாள். 'நல்ல' என்பதை எப்படி அளப்பது என்று நான் கேட்பேன். சில காலத்துக்குப் பிறகு அவளே கடைக்குப் போக ஆரம்பித்தாள். இதை என் வேலைத்திறமையின் பலன் என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வதுண்டு.

இனி ஒன்பதாம் விதி. படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் இருக்க, ஒவ்வொரு உடலிலும் மேலிருந்து கீழாக ஒரு துளை வைத்து, அதில் நீளமான ஒரு பலகையைச் செருகுவார்கள். பலகை தண்ணீருக்குள் கத்தி மாதிரி நேராக நிற்கும். இந்தப் பலகையின் கீழ்ப்பாதியை உள்பக்கமாக வளைத்துவிட்டால், வளைந்த பகுதி விமான இறக்கை போல வேலை செய்யும். வேகம் ஏறியதும் படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். இதைத்தான் ஃபாயில் என்கிறார்கள். தூக்கிய படகுக்குத் தண்ணீரின் இழுப்பு கிடையாது; மற்றவர்கள் எல்லாம் பின்னால் நின்று டாட்டா காட்ட வேண்டியதுதான்.

வெளிநாட்டில் இது பரவ ஆரம்பித்ததும் எங்கள் சங்கத்துக்குப் பயம் வந்தது. வசதியுள்ள நாலு பேர் வளைந்த பலகை வரவழைத்துப் பறப்பார்கள். பழைய படகை ஒட்டுப் போட்டு ஓட்டுகிற மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் கரையிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் பறக்கக் கூடாது. ஆனால் 'பறக்கக் கூடாது' என்று எழுத முடியாது. பறப்பதை யார் அளப்பது? அலை தூக்கினாலும் படகு ஒரு நொடி பறக்கத்தான் செய்யும். கரையில், மணலில், காற்றடிக்கும்போது, டேப்பை வைத்து ஒருவன் அளக்க முடிந்ததைத்தான் விதியாக எழுத வேண்டும் என்பது கமாண்டரின் கட்டளை.

நான் பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டு இரண்டு வரி எழுதினேன். ஒன்று, பலகையைப் படகின் மேல்பக்கத்திலிருந்து துளை வழியாக உள்ளே செருகவும் வெளியே எடுக்கவும் முடிய வேண்டும். இரண்டு, முழுவதும் இறக்கிய நிலையில் இரண்டு பலகைகளின் நுனிகளுக்கும் நடுவில் குறைந்தது இவ்வளவு இடைவெளியாவது இருக்க வேண்டும். வளைந்தது மேலிருந்து உள்ளே போகாது. தப்பித்தவறிப் போனாலும் நுனிகள் நெருங்கிவிடும். பறப்பது என்ற வார்த்தையே இல்லாமல் பறப்பதைத் தடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

இதற்கான திருடன் வாசிப்பு எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது. கமாண்டரின் மனைவிக்குப் பட்டுப்புடவை வாங்க அவர்கள் காஞ்சிபுரம் வந்திருந்தார்கள். அந்த அம்மாவைக் கடையில் விட்டுவிட்டு அவர் நேராக இங்கே வந்துவிட்டார். நான் ஒரு பழைய கதவில் துளை போட்டு அதை இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் படுக்கவைத்திருந்தேன். பக்கத்தில், ஆணி அடித்து வளைவாகச் செய்த ஒரு கட்டை. கமாண்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "இப்ப நான் திருடன்," என்றார்.

அந்தக் கட்டையை மேலிருந்து அழுத்தினார். சாய்த்து அழுத்தினார். காலை வைத்து மிதித்தார். பக்கத்து வீட்டில் தறி சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் அவர் முனகியது வெளியில் கேட்கவில்லை. சரோஜா காபியோடு வந்து நின்று என் காதோரம், "பெரியவரு இன்னாத்துக்கு அந்தக் கட்டைய போட்டு இந்தக் குத்து குத்திக்கினு இருக்காரு?" என்று கேட்டாள். நான் பேசக் கூடாதே, இருமினேன். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து நாற்காலியில் உட்கார்ந்த கமாண்டர், "பூட்டு நல்ல பூட்டுதான்," என்றார். திருடன் வாசிப்பில் தேறிய விதி என்று அவர் தாளின் மேல் பென்சிலால் எழுதியதை நான் ரொம்ப நாள் பர்ஸில் வைத்திருந்தேன்.

இப்போது யோசித்தால் எங்கள் இரண்டு பேருடைய லட்சணமும் விளங்குகிறது. பலகையைப் பற்றி எழுதினோம். துளையைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. துளை என்றால் நேராக, குறுகலாக, பலகைக்கு அளவெடுத்தது போலத்தான் இருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். நானே அப்படி ஒரு துளையைப் போட்டேன். அவரும் அதையே குத்திப் பார்த்தார். நல்ல குடும்பத்தில் பிறந்த இரண்டு திருடர்கள், வாசல் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை என்று திரும்பிப் போன கதை இது.

சில வருஷங்கள் விதி ஜம்மென்று நின்றது. அதன் பிறகுதான் ஸ்டெல்லா வந்தாள்.

ஸ்டெல்லாவுக்குக் கூரம். அவள் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவள் ஒரகடம் பக்கத்தில் காற்றாலை இறக்கை செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நடந்த ஒரு முகாமில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, விடாமல் பிடித்துக்கொண்டவள். அவளோடு படகில் துணைக்கு நந்தினி என்ற பெண். ஒட்டுப் போட்ட பழைய படகை வைத்துக்கொண்டு தேசியப் போட்டியில் இரண்டு தடவை இரண்டாவதாக வந்தவர்கள். முதலில் வருகிற ஜோடிக்குத்தான் ஆசியப் போட்டியில் இடம். அந்த வருஷத்தோடு எங்கள் வகைப் படகை ஆசியப் போட்டியிலிருந்தே எடுத்துவிடப் போகிறார்கள் என்ற செய்தியும் வந்திருந்தது. அதாவது, அந்தப் பெண்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் போனதுதான்.

போட்டி, சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில். காலையில் படகுகளை வரிசையாக மணலில் நிறுத்தி அளந்துகொண்டு வந்தேன். ஸ்டெல்லா ஒரு பழைய போர்வையில் சுற்றிய பலகையை எடுத்து வந்து பிரித்தாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலே ஒரு பக்கம் வளைந்து, கீழே மறுபக்கம் வளைந்து, நெளிந்த பாம்பு மாதிரி இருந்தது.

"இது உள்ள போகாதும்மா. ஒன்பதாவது விதி படிச்சியா?" என்றேன், எழுதியவனுக்கே உரிய மிதப்போடு.

"படிச்சன்யா. மேலேந்து போடணும், மேலேந்து எடுக்கணும்னுதான இருக்குது? போடறேன், பாருங்க."

படகின் துளையை அப்போதுதான் பார்த்தேன். மேலே அகலமாக, ஒரு சின்னத் தொட்டி போல இருந்தது. அவள் பலகையைச் சாய்த்து நுனியை உள்ளே விட்டாள். பாதி போனதும் லேசாகத் திருப்பினாள். நந்தினி மறுபக்கம் சாய்த்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் திருவிழாவின்போது பல்லக்கு வரும். அதன் தண்டு தெருவின் அகலத்தைவிட நீளம். சந்து முனையில் தூக்குகிறவர்கள் ஒரு பக்கம் தாழ்த்தி, ஒரு பக்கம் உயர்த்தி, இரண்டடி பின்னால் வந்து, எதிலும் இடிக்காமல் அதை வளைத்துக் கொண்டுபோவார்கள். சின்ன வயதிலிருந்து வருஷம் தவறாமல் அந்த முனையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவன் நான். நீளமானதும் வளைந்ததும் குறுகலான இடத்தில் எப்படி நுழையும் என்று சாமியே என் கண் முன்னால் நடத்திக் காட்டியிருக்கிறது. நான் சாமியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பலகை அதேபோல நெளிந்து, திரும்பி, முழுவதும் இறங்கி நின்றது. பிறகு துளையில் மிச்சமிருந்த இடத்தில் இரண்டு ஆப்புகளை வைத்து இறுக்கினாள்.

"ஆப்பு வெக்கலாம்னு எங்க இருக்கு?" என்றேன்.

"ஏழாவது விதிங்கய்யா. பலகை ஆடாம இருக்க துளையில அடைப்பு வெச்சிக்கலாம்னு இருக்குது."

ஏழாவது விதியையும் எழுதியது நான்தான். எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

நுனிகளின் இடைவெளியை அளந்தேன். மேல்பாதி வெளிப்பக்கம் வளைந்திருந்ததால், கீழ்ப்பாதி உள்பக்கம் வளைந்தும் நுனிகள் நெருங்கவில்லை; அனுமதித்த அளவைவிட ஒரு விரல்கடை கூடுதல். நம்பாமல் வேறு டேப் வாங்கி அளந்தேன். சாதாரணமாக யாரையும் நான் அப்படிச் சோதித்ததில்லை. அவள் பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்துப் பெண் என்று தெரிந்துவிட்டது; ஊர்ப்பாசம் என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்ற பயத்தில் அந்தப் பிள்ளையை மற்றவர்களைவிட அதிகமாகப் படுத்தினேன்.  அவள் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள். முடித்ததும் மெதுவான குரலில் கேட்டாள்.

"ஐயா, நீங்கதான இத எழுதனீங்க? இந்த மாதிரி பலகைய வேணாம்னுதான் எழுதனீங்களா?"

"அளக்கறதுதாம்மா என் வேலை," என்று சொல்லிவிட்டுப் பெரிய மனுஷன் போல விறுவிறுவென்று நடந்தேன். அடுத்த படகின் நங்கூரக் கயிறு தடுக்கி மணலில் விழுந்தேன்.

அதற்குள் ஆட்சேபம் வந்துவிட்டது. கொண்டு வந்தவர் ராகவன். முந்தைய வருஷம் ஜெயித்த அண்ணன் தம்பிகளின் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சாமியானாவின் கீழ் கமாண்டர் உட்கார்ந்திருந்தார். ராகவன் நின்றுகொண்டே நிதானமாகப் பேசினார். இந்த விதி எதற்காக வந்தது என்று எல்லாருக்கும் தெரியும் என்றார். வளைந்த பலகை வரவழைக்க அவராலும் முடியும், ஆனால் விதியின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு நேரான பலகையோடு வந்திருக்கிறோம் என்றார். மதித்து நடந்தவனுக்குத் தோல்வி, சந்து கண்டுபிடித்தவனுக்கு வெற்றி என்றால் விதி எதற்கு என்று கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் என் நெஞ்சில் இறங்கியது. ஏனென்றால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த விதியை நான் அதற்காகத்தான் எழுதினேன்.

ஸ்டெல்லாவும் நந்தினியும் சாமியானாவின் கம்பத்தோரம் நின்றிருந்தார்கள். நேரான பலகை அவர்களிடம் இல்லை. பழையதை உடைத்துத்தான் புதியதற்கு உள்கட்டை வைத்திருந்தார்கள். இந்தப் பலகை செல்லாது என்றால் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு கூரத்துக்குப் போக வேண்டியதுதான்.

கமாண்டர் என்னைக் கேட்டார். அளந்தாயா? அளந்தேன். எழுதியிருக்கிறபடி அளந்தாயா? ஆமாம். என்ன வந்தது? மேலிருந்து உள்ளே போகிறது, வெளியே வருகிறது, இடைவெளி சரி. அவ்வளவுதான் என்னைக் கேட்டார்.

ராகவன் விடவில்லை. "சார், எதுக்குச் சுத்தி வளைக்கணும்? விதி எழுதினவரே இதோ நிக்கறார். அவர் என்ன நினைச்சு எழுதினார்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவர் சொல்றதுக்கு நான் கட்டுப்படறேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அத்தனை பேர் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். என் விதி பிழைக்கும். என் மானமும் பிழைக்கும். ஊர்ப்பாசம் என்ற பேச்சுக்கும் இடம் இருக்காது. உண்மையும் அதுதான். பொய் சொல்லவே வேண்டாம்.

கமாண்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "எழுதினவர் இங்க வரலியே," என்றார்.

"இதோ நிக்கறாரே சார்!"

"நிக்கறவர் அளக்கறவர். எழுதினவர் எழுதி முடிச்ச அன்னிக்கே போயிட்டார். தாள்ல என்ன விட்டுட்டுப் போனாரோ அதுதான் நமக்கு. உங்க பசங்களும் அதைத்தான் படிச்சாங்க, இந்தப் பொண்ணுங்களும் அதைத்தான் படிச்சாங்க. இப்ப இவர் வாயைத் திறந்தா, இந்தப் பொண்ணுங்க படிக்காத ஒரு விதியால அவங்களை வெளியில அனுப்பற மாதிரி ஆகும்."

நான் இருமினேன். அர்த்தமில்லாமல்தான் இருமினேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். படகு செல்லும் என்று கையெழுத்துப் போட்டேன். ராகவன் சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

காலைப் போட்டியில் காற்றே இல்லை. வளைந்த பலகை தண்ணீரில் இழுத்துக்கொண்டு, ஸ்டெல்லாவின் படகு எல்லாருக்கும் கடைசியாக வந்தது. கரையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இல்லை. கரையில் நட்டிருந்த கொடி அசைகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடற்காற்று எழும்பியது. கமாண்டர் தன் தூரநோக்கியை என்னிடம் கொடுத்தார். படகுகள் திரும்பி வேகம் எடுத்தன. அவற்றில் ஒன்று மட்டும் மெதுவாக மேலே வந்தது. முதலில் ஒரு உடல், பிறகு அடுத்தது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. தண்ணீர்மேல் இரண்டு கோடுகள் மட்டும் கிழிந்துகொண்டு போக, படகு காற்றிலே நின்றுகொண்டு ஓடியது. வலையின் ஓரத்தில் இரண்டு பெண்களும் வெளியே சாய்ந்து நின்றார்கள். எதைத் தடுக்க நான் நாள்கணக்காக மண்டையைக் குடைந்தேனோ, அது என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு அழகாக இருந்தது. தூரநோக்கியில் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொல்லித் துடைத்தேன். கடல் அங்கிருந்து ரொம்ப தூரம்.

"நமக்கு ரெண்டு பேருக்குமே திருட வரல, தணிகாசலம்," என்றார் கமாண்டர்.

கடைசி நாள் முடிந்தபோது இடம் அவர்களுக்குத்தான். ஆசியப் போட்டியில் பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் போனார்கள், ஓட்டினார்கள், வந்தார்கள். கூரத்தில் மேளம் வைத்து அழைத்துக்கொண்டு போனதாகச் சரோஜாவின் தம்பி சொன்னான்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் விதியின் கதை சிரிப்புக் கதை. துளைக்கும் அளவு எழுதினோம். ஒருவன் பலகையையே மெலிதாக்கி நுழைத்தான். அதற்கு ஒரு வரி சேர்த்தோம். இன்னொருவன் அதற்கும் வழி கண்டுபிடித்தான். இரண்டு வரியாகப் பிறந்தது ஒரு பக்கமாக வளர்ந்தது. படகுகள் எல்லாம் பறந்துகொண்டிருந்தன. விதி மட்டும் தரையில் கிடந்து தடித்துக்கொண்டிருந்தது. கமாண்டர் கடைசிவரை ஒவ்வொரு திருத்தத்தையும் நின்றுகொண்டே படித்தார். இப்போது அவர் இல்லை. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் பறக்கிற பலகைகளில் பெரும்பாலானவை ஒரகடத்தில் ஸ்டெல்லா ஆரம்பித்த பட்டறையிலிருந்துதான் வருகின்றன. எந்தப் பிள்ளைகள் கரையில் நின்றுவிடுவார்கள் என்று பயந்து நான் அந்த விதியை எழுதினேனோ, அவர்கள்தான் அங்கே அவளோடு வேலை செய்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவளே போன் செய்தாள். குழுக் கூட்டத்தில் அவளும் இருந்தாளாம். விதியை எடுத்தாயிற்று என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். சரோஜாவை விசாரித்தாள், ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ஐயா, அன்னிக்குக் கேட்டன், நீங்க சொல்லவே இல்ல. கமாண்டர் ஐயாவும் இல்ல, விதியும் இல்ல. இனிமே சொன்னா தப்பில்லதான? எங்கள மாதிரி பலகைய வேணாம்னுதான எழுதனீங்க?"

பக்கத்து வீட்டுத் தறி ஒரு நிமிஷம் நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. சுவரோரத்து நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவன் முதல் தடவையாக வாயைத் திறந்தேன்.

"யாரும் பறக்கக் கூடாதுன்னுதாம்மா எழுதினன். நல்ல வேளை, எனக்கு எழுத வரல."